மூன்று விரற்கடை ஆசிட்

அவரை எல்லாரும் 'கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஆசிட் கேனின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு கோடு போடுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டும்போது இன்னொன்று. நடுவில் ஊற்றுகிற ஒவ்வொரு குவளைக்கும் ஒரு குட்டிக் கோடு. ஆசிட்டுக்கு ஜாதகம் எழுதுகிறார் என்று கொத்தனார்கள் கிண்டலடிப்பார்கள். கொத்தனார்கள் சிந்தியதைத் துடைப்பதுதான் அவர் பிழைப்பு என்பதால் பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

செங்கல் சுவரில் காய்ந்துபோன சிமெண்ட், உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, கான்கிரீட் தரையில் படிந்த சுண்ணாம்பு. இவற்றைப் போக்கத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் ஆசிட்டைத் தொடமாட்டார். ஒரு மணி நேரம் சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே பொறுமை போய்விடும்.

"தண்ணி எங்களுக்கே ஊத்தத் தெரியுமேப்பா?"

"செங்கல் வயிறு முட்டக் குடிச்சிருக்கணும் சார். காஞ்ச செங்கல் ஆசிட்ட உறிஞ்சிடும். அப்புறம் மஞ்சமஞ்சளா கக்கும்."

பிறகு பிளாஸ்டிக் வாளியில் பத்துக் குவளை தண்ணீர், அதில் மெதுவாக ஒரு குவளை ஆசிட். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். மாற்றி ஊற்றினால் அது கொதித்து மூஞ்சியில் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, காலில் பூட்ஸ். முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு கையகலம் தடவிப் பார்ப்பார். சரியென்றால்தான் மற்ற இடம். நுரைத்து அடங்கியதும், காயவிடாமல் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசியில் சலவை சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை. மிச்ச ஆசிட்டை யார் வீட்டிலும் விட்டுவரமாட்டார்.

அதற்குக் காரணம் அவர் மனைவி. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு வெயில் மத்தியானம், தையல் கம்பெனியிலிருந்து வந்தவள் அடுப்படி மேடையில் இருந்த பாட்டிலை எடுத்து, தாகத்தில் மடக்கென்று ஒரு வாய் குடித்துவிட்டாள். மூன்று ஆபரேஷன். உயிர் பிழைத்தது. குரல் காற்றாகிவிட்டது. இன்றைக்கும் மசித்துக் கரைத்துத்தான் சாப்பாடு. "பாக்காம குடிச்சிட்டா" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். "கண்ணை எங்கடி வெச்சிருந்த?" என்று அவளுடைய அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே கேட்டாள். பாட்டிலில் ஊற்றி மேடையில் வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்களாக இருப்பது இந்த இடுக்கில்தான்.

போன மாதம் ஒரு வக்கீல் வீட்டு மதில் சுவர் வேலை. காலையிலேயே வக்கீல் கேட்டார்.

"பாத்ரூமுக்குக் கொஞ்சம் ஊத்திக் குடுத்துட்டுப் போப்பா."

"வேணாம் சார். நானே கழுவித் தர்றேன்."

"என்னமோ கஞ்சா கேட்ட மாதிரி முழிக்கிற!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாசலுக்கு வெளியே இருக்கும் மரப்பெட்டியில் கேனை வைத்துப் பூட்டப் போனார். குட்டிக் கோடுகள் ஏழு. கேனில் குறைந்திருந்ததோ பத்துக் குவளைக்குமேல். மூன்று விரற்கடை காணோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேன் முன்பக்கம் தனியாக இருந்தது. அவ்வளவு ஒழுங்கான மனிதர் அன்றைக்குப் பார்க்காமல் விட்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

வக்கீலுக்கு மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. கையுறையையும் கண்ணாடியையும் சோடாப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு, ஆசிட் காணோம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வக்கீல் கதவைத் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"சார், ஆசிட்ட எதுல ஊத்தி வெச்சீங்க?"

"ஒரு பாட்டில்ல... அதுக்கென்ன இப்போ? பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கேன். பாத்ரூம் ஜன்னல்ல இருக்கு பாரு."

ஜன்னலில் பாட்டில் இல்லை. ஈரத்தில் கழன்ற காகிதம் மட்டும் தரையில் கிடந்தது.

உள்ளேயிருந்து வக்கீலின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "அங்க கிடந்த பாட்டிலா? தண்ணியை யாரு பாத்ரூம்ல வெச்சதுன்னு திட்டிக்கிட்டே ஃப்ரிட்ஜுல வெச்சேன். இப்பதான் மாத்திரை போட ஒண்ணை எடுக்கப் போனேன்."

ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். ஒரே மாதிரி ஏழு பாட்டில். ஏழும் பளிங்குபோல.

"முகர்ந்து பாத்தா தெரிஞ்சுடாது?" என்று வக்கீல் கை நீட்டினார்.

"தொடாதீங்க சார்! ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க."

இருபத்தைந்து வருட ஆசிட் புகையில் அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. வக்கீலம்மாவுக்கோ ஜலதோஷம். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். தட்டில் சோடாவைத் தூவி, ஒவ்வொன்றிலிருந்தும் நாலு சொட்டு விட்டார். முதல் பாட்டில், ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. நாலாவது சொட்டுப் பட்டதும் தட்டு உஸ்ஸென்று பொங்கியது.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "இதைத்தான் எடுக்கப் போனேன். கைக்கு நேரா நடுவுல இருந்தது இதுதான்."

வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டை நூலாக ஊற்றி, பொங்குவது நிற்கும்வரை சோடாவைப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகுதான் அதைக் கொட்டினார். பாட்டிலைக் கழுவிக் கத்தியால் இரண்டாக வெட்டினார்.

அதற்குள் வக்கீலுக்கு வாதாடும் தெம்பு வந்துவிட்டது. "நான் எழுதி ஒட்டினேன்பா. இவதான் என்ன ஏதுன்னு பாக்காம கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வெச்சுட்டா. பொம்பளைங்களுக்கு அவசரம்."

அம்மா தரையைப் பார்த்தார்.

கோடு கையுறையைக் கழற்றினார். "அவங்க மேல தப்பில்ல சார். தண்ணி பாட்டில்ல இருந்தா தண்ணின்னுதான் நினைப்பாங்க. ஊத்தினவன் தப்பு. என் வீட்லயும் நடந்துச்சு. ஊத்தி வெச்சது நான். அவ பாக்காம குடிச்சான்னு ஊரே சொல்லுச்சு. நான் வாயத் திறக்கல."

வக்கீல் போய், பாத்ரூம் தரையில் கிடந்த காகிதத்தைப் பொறுக்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். "கிடைச்சுதா?" என்று காற்றாய்க் கேட்டாள். நடந்ததைச் சொன்னார். வக்கீல் சொன்னதையும், தான் சொன்னதையும். சொல்லும்போது செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியாததா?" என்றாள் அவள். "வக்கீல்கிட்ட சொல்லி என்ன பண்றது? எங்க அக்காகிட்ட சொல்லுங்க."

போனை எடுத்து, அவளே நம்பரைப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.