திமிங்கலத்துக்கும் சீசன் உண்டு

ஐந்தருவிக்குப் பக்கத்தில் வீடு இருப்பது பாக்கியம் என்று சொல்பவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். சாரல் தொடங்கியதும் போன் வரும். “தண்ணி விழுதா?” விழுகிறது என்று பெருமையாகச் சொல்வேன். மறுநாள் வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்தவர்களின் பசி எப்படிப்பட்டது என்று என் மனைவிக்குத்தான் தெரியும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், சீசன் நேரத்தில் அவள் அருவிப் பக்கம் போனதே இல்லை.

இந்த வருஷம் சாரலுக்கு முன்பே சொல்லிவிட்டாள். “ஒரு நாளாவது நாம போயி இன்னொரு ஊரை வேடிக்கை பாக்கணும்.”

நான் சரி என்பதோடு நிறுத்தியிருக்கலாம். “கடலுக்குப் போவோம், உனக்குத் திமிங்கலம் காட்டுதேன்” என்று வாக்குக் கொடுத்தேன். பைனாகுலர் வாங்கினேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று.

விடுமுறையன்று திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் போய் நின்றோம். முதலில் பறவைகள். உப்பங்கழியில் நின்ற வெள்ளைப் பறவைகளைக் காட்டி, வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று விளக்கினேன்.

“கொக்குல்லா இது? நம்ம பக்கத்துல அச்சன்புதூர் வயல்ல நிக்குதே, அதேதான்” என்றாள்.

பிறகு கடல். ஒரு மணி நேரம் கழித்துத் தூரத்தில் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. கூச்சல் போட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் தலையை நிமிர்த்தவில்லை.

“பாறை அண்ணாச்சி. அது எங்கயும் போவாது, மெதுவா பாருங்க.”

“திமிங்கலம் எப்ப வரும்?”

“அதுக்கெல்லாம் ஒரு சீசன் இருக்குல்லா” என்று சிரித்தார். கோடையில் காய்ந்த அருவியின் முன் நின்று தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் நான் சிரிக்கும் அதே சிரிப்பு.

திரும்பும்போது பஸ்ஸில், “காட்ட முடியலையே” என்றேன். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

“அது கெடக்கு. மத்தியானம் சாப்பிட்ட மெஸ்ஸுல நான் எந்திரிக்கவே இல்ல, பாத்தியளா? ஒருத்தர் வந்து வந்து, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டான்னு கேட்டாரு.”

நான் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பைனாகுலரில் கடலைத் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

பாவூர்சத்திரம் தாண்டியதும் கண்ணாடியில் சாரல் தெறித்தது. உடனே போன். சித்தப்பா மகன்.

“அண்ணே, தண்ணி விழுதா?”

“இல்லலே, இந்த வருசம் சீசனே சரியில்ல” என்று ஆரம்பித்தேன்.

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள். “விழுதுன்னே சொல்லுங்க. இந்தத் தடவ சமையல் நீங்கன்னும் சொல்லிருங்க.”