ஐந்து பொத்தான்கள்

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். எல்லோருக்கும் டிரைவர்தான். ஒருநாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு, சட்டை போடவே இருபது நிமிடம் ஆயிற்று.

மனைவி போய் ஆறு வருடம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தம். போகிற வண்டிகளையெல்லாம் காதாலேயே திருத்துவார். "ரெண்டாவது கியர்ல எடுக்க வேண்டிய இடத்துல மூணுல எடுக்கறான், மடையன்!"

மகன் கறாராகச் சொல்லியிருந்தார். அப்பா தனியாக இருக்க முடியுமா என்று பார்க்க, மூன்று மாதம் கழித்துப் பரிசோதகர் வருவார். அப்பா தானே உடுத்தி, தானே டீ போட்டுக் குடித்தால் இதே வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம். அந்த மூன்று மாதத்துக்குத்தான் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்.

அவரால் முடிந்ததை நாம் செய்யக்கூடாது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பராமரிப்புப் பயிற்சியின் முதல் பாடம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முதல் மாதம் நின்றேன். இடது கையால் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவார், நழுவும், திட்டுவார், மறுபடி தள்ளுவார். ஐந்தும் முடிந்ததும், "ரைட், போலாம்!" என்பார்.

இரண்டாம் மாதம் ஒன்பது மணிக்கு இன்னொரு வீடு ஒப்புக்கொண்டேன். மேல் பொத்தான்கள் இரண்டை மட்டும் நான் போட்டுவிட்டேன். பிறகு மூன்று. பிறகு ஐந்தும்.

"விடு எக்ஸ்பிரஸ், நான் போட்டுக்கறேன்." எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"நாளைக்குப் போடுங்க சார். இன்னிக்கு நேரமாச்சு."

"தினமும் இதையேதான் சொல்ற. உன் வண்டி எந்த ஸ்டாப்லயும் நிக்காதா?"

சிரித்துக்கொண்டே போட்டுவிட்டேன். தினசரித் தாளில் 'உடுத்துதல்' என்ற கட்டத்தில் 'தானே' என்று எழுதினேன். முதல் மாதம் அது உண்மை. அதற்குப் பிறகு பொய்.

பரிசோதகர் ஓர் இளம்பெண். டீயை ஒரு சொட்டு சிந்தாமல் போட்டுக் கொடுத்தார் டிரைவர். அடுத்தது சட்டை. பத்து நிமிடத்தில் ஒரு பொத்தான்கூட ஏறவில்லை. சட்டை நுனிதான் கசங்கியது.

"நேத்து வரைக்கும் 'தானே'ன்னு இருக்கே?" என்று அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். கூட வந்திருந்த மகன் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "இன்னிக்குக் கை மக்கர் பண்ணுது. நேத்துகூட நல்லாத்தான் ஓடுச்சு. அந்தம்மா எழுதினது சரி."

என் வேலை போய்விடக்கூடாது என்று சொன்ன பொய். நான் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பழக்கம் விட்டுப்போனது என்று தெரிந்திருக்கும். இன்னும் ஒரு மாதம் கேட்டிருக்கலாம். இந்த வயதில் என்னை வேறு யார் சேர்ப்பார்கள் என்று யோசித்தேன், பேசவில்லை. அந்தப் பெண் 'திடீர்ச் சரிவு, தனியாக விடக்கூடாது' என்று எழுதினாள். அடுத்த வாரமே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப சொல்லி என்னம்மா பண்றது? வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தாச்சு."

இல்லத்தில் எல்லோருக்கும் டி-ஷர்ட்தான். தலை வழியே மாட்டினால் வேலை முடிந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய சட்டையைத் துவைத்து எடுத்துக்கொண்டு போகிறேன். என்னால்தான் என்று முதல் நாளே சொன்னேன். "தெரியும், சட்டையைக் குடு" என்றார்.

போன வாரம் நாற்பது நிமிடத்தில் மூன்று பொத்தான். நான்காவதில் கை ஓய்ந்துவிட்டது.

"நீயே போட்டு விடு எக்ஸ்பிரஸ். உனக்கு நேரமாகும்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.




"இன்னிக்கு வேற வீடு இல்ல சார்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நான்காவது பொத்தானை மறுபடி பிடித்தார்.