அண்ணனின் குறட்டை

என் மகளின் காதுகுத்துக்குத் திருமங்கலம் மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸில், அண்ணன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கீழே 'தாய்மாமன், குறட்டை மன்னன்' என்று பட்டம். அடித்து வைத்தவர் அண்ணியின் தம்பி. மாமன் மச்சான் கேலிக்கு எங்கள் பக்கம் வரம்பு கிடையாது. "மச்சான் தூங்குனா லோடு லாரி மேடேறுற மாதிரில்ல இருக்கு" என்பார். அண்ணன் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

அண்ணன் விடியுமுன் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பி வந்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் வீடே அதிரும். கழுத்து நன்றாகப் பருத்திருந்தது. எழுந்தால் தலைவலி, நாவறட்சி. சோற்றைப் பிசையும்போதே கண் சொக்கும். "உழைச்ச உடம்பு, அப்படித்தான்" என்பாள் அம்மா. நடுவில் சட்டென்று குறட்டை நின்றுவிடும். அந்த நேரம்தான் அம்மாவுக்கு நிம்மதி. "இப்பத்தான் பிள்ளை அசந்து தூங்குறான், சத்தம் போடாதீங்கடா" என்று டிவியை நிறுத்திப் பிள்ளைகளை வாசலுக்கு விரட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் திணறி ஒரு பெரிய மூச்சு இழுப்பார், குறட்டை மறுபடி தொடங்கும். தூங்குகிறவனை எழுப்பினால் பாவம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒருநாள் நின்ற குறட்டை மறுபடி தொடங்கவில்லை. வழக்கம்போல அம்மா டிவியை நிறுத்தினாள். காபியோடு எழுப்பப் போன அண்ணியின் அலறலில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இதயம் நின்று நேரமாகிவிட்டது என்றார். குறட்டை உண்டா, நடுவில் நிற்குமா என்று கேட்டார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது ஒரு நோய் என்றும், அது இதயத்தைக் கெடுத்துவிடும் என்றும், அதற்கு வைத்தியம் உண்டு என்றும் மெதுவாகச் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கும்மா. நிக்கிறப்பல்லாம் நல்லாத் தூங்குறான்னு நெனச்சேன். யாரையும் எழுப்ப விடலம்மா."

அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படம் தேடிய அண்ணியின் தம்பியுடைய செல்போன் முழுக்க அண்ணன் தூங்கும் படங்களாகவே இருந்தன. அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

இப்போது அந்த வீட்டில் மத்தியானம் யாரும் தூங்க முடியாது. போன வாரம் போயிருந்தபோது கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால், என் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு அம்மா குனிந்திருந்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றேன்.

"எந்திரிச்சு உக்காரு ஆத்தா" என்று என்னை உலுக்கினாள். "ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு."