எல்லாருக்கும் கிடைத்த லீவு

எண்பத்தாறாம் ஆண்டு சண்முகலிங்கம் சுவிஸ் நாட்டின் ஓல்டன் நகரில், ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அதே சமையலறையில் வேலை செய்த நான்கு தமிழ் இளைஞர்களில் தவச்செல்வன் அவருடைய அறையிலேயே தங்கியிருந்தான். இருவருக்கும் ஒரே சட்டியில்தான் சோறு.

அந்த உணவகத்தில் சுவிஸ்காரருக்குக் கிழமையில் இரண்டு நாள் லீவு, தமிழருக்கு ஒன்று.

"நீங்கள் முதலாளியோட கதையுங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் டொச் பாஷை கொஞ்சம் வரும். நாங்கள் பக்கத்தில நிப்பம்" என்றான் தவச்செல்வன். மற்றவர்களும் ஓம் என்றார்கள்.

மறுநாள் முதலாளி உள்ளே வந்தபோது சண்முகலிங்கம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னே போனார். எங்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் வேண்டும் என்று, பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"எல்லோரும் என்றால் யார்?"

சண்முகலிங்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. முதலாளி தவச்செல்வனையே நேராகக் கேட்டார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றான் அவன்.

மாத முடிவில் சண்முகலிங்கத்தை வேலையால் நிற்பாட்டினார்கள். அவர் தொழிற்சங்கத்துக்குப் போனார். சங்கத்து ஆள் வந்து விசாரித்ததும் முதலாளி பயந்துபோய் எல்லாருக்கும் இரண்டு நாள் கொடுத்தார். சண்முகலிங்கத்துக்குப் போன வேலை போனதுதான்.

"அண்ணை, இனிச் செவ்வாயும் லீவு!" என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் வந்த தவச்செல்வன், அவர் முகத்தைக் கண்டதும் தடுமாறினான். "குறை நினையாதேங்கோ. எனக்கு மூண்டு தங்கச்சியள்."

"எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள், தம்பி."

அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். தான் சாப்பிடவில்லை.

குளிர்காலம் முழுக்க அலைந்தபின், ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே நிலம் துடைக்கிற மருந்து எல்லாருடைய கைகளையும் புண்ணாக்கியது. திரேசா என்ற போர்த்துக்கீசப் பெண் ஒருநாள் மேற்பார்வையாளரிடம் கையுறை கேட்டாள். "எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்தான்" என்று சொல்லி மற்றவர்களைப் பார்த்தாள். இரண்டு இத்தாலியப் பெண்கள் தங்கள் கைகளை நீட்டிக் காட்டினார்கள்.

சண்முகலிங்கத்தின் விரல்களும் வெடித்துத்தான் இருந்தன. அவர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

கையுறை வந்த அன்று திரேசாவே ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கும் ஒரு சோடி நீட்டினாள். முகத்தில் கோபமே இல்லை. வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர், குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதார்.