கிழிந்த ஸ்பீக்கரும் ஐநூறு இசைத்தட்டும்

பழைய இசைத்தட்டு தேடுகிற தொழிலில் பாதி நேரம், நமக்குப் புத்தி கெட்டுவிடவில்லை என்று மற்றவர்களுக்கு விளக்குவதிலேயே போய்விடும். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். இல்லாதவர்கள், உங்கள் வீட்டுப் பெண் நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், வெளிநாட்டுக்குச் சேம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்குகிற மெர்ச்சண்டைசராக இருந்தவள். எழுபதுகளில் இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் வாசித்த ராக், ஃபங்க் இசைத்தட்டுகளைக் கண்டுபிடித்து, வாசித்தவரிடம் அனுமதி வாங்கி, மறுபடி அச்சடித்து விற்பதுதான் இப்போதைய பிழைப்பு. அதில் ஒரே ஒரு இசைத்தட்டு என்னைப் படுத்திய பாடு இது.

பானை மூடி

தி ஷட்டில்ஸ் என்று ஒரு குழு. நான்கு பேர். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள், விற்கவில்லை, கலைந்து போனார்கள். இணையத்தில் யாரோ ஏற்றிய அரைகுறைப் பதிவைக் கேட்டுவிட்டு வெளிநாட்டில் பலர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை.

கடைசியில் வெள்ளகோவிலில் கிடைத்தது. ஒரு கடையின் பின்பக்கம், தவிட்டுப் பானை மேல் அதை உறையோடு வைத்து, ஒரு கல்லையும் பாரம் வைத்து மூடியிருந்தார்கள். என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றேன். கடைக்காரர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “பானை தொறந்து கெடந்தா எலி வருமுங்க. அத எடுத்துட்டுப் போறதுன்னா வேற மூடி ஒண்ணு வெச்சுட்டுப் போங்க” என்றார்.

சித்தப்பாவின் மூலை

காதர்பேட்டையில் என் சித்தப்பாவுக்குப் பனியன் மொத்த வியாபாரம். அச்சடித்து வருவதை வைக்க அவருடைய குடோனில் ஒரு மூலை கேட்டேன். எத்தனை போடுகிறாய் என்றார். ஐநூறு என்றேன். ஐநூறு டஜனா என்றார். இல்லை, ஐநூறு பீஸ், உலகம் முழுவதற்குமே அவ்வளவுதான் என்றேன்.

சித்தப்பா அந்த மூலையையும் என்னையும் பார்த்தார். “சரி கண்ணு, சேம்பிள் அங்கயே கெடக்கட்டும். ஆர்டர் எப்ப வரும்?”

நல்லூரில் ஒரு கிட்டார்காரர்

ஜெர்மனியில் ஒரு விநியோகஸ்தர் ஐநூறையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் பாட்டுப் போட்டவரின் கையெழுத்து இல்லாமல் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது கிடைக்காவிட்டால் நான் கடையைக் கட்டிவிட்டு, விட்ட வேலையையே போய்க் கெஞ்சிக் கேட்க வேண்டும். குழுவில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் கிட்டார் வாசித்த நாச்சிமுத்து. பாட்டெல்லாம் அவர் போட்டதுதான்.

நல்லூரில் சொந்தமாக ஒரு பனியன் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. உறையின் பின்பக்கத்தில் தோள்வரை முடியோடு நின்ற நால்வர் படத்தை நீட்டினேன். அவர் வாங்கும் முன் அவர் மனைவி வாங்கிவிட்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “இந்த முடியோட பொண்ணு பாக்க வந்திருந்தா எங்கப்பா ஊட்டுக்குள்ளயே உட்டிருக்க மாட்டாருங்க” என்றார் என்னிடம்.

டேமேஜ்

கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பிளேயரில் இசைத்தட்டைப் போட்டேன். நாச்சிமுத்து ஐயா தலையைச் சாய்த்து, துணியில் ஓட்டை தேடுகிறவர் மாதிரி கேட்டார். இரண்டாவது பாட்டில் கிட்டார் கரகரவென்று அலறும் இடம் வந்தது. உலகமே அந்த இசைத்தட்டைத் தேடுவது அந்த அலறலுக்காகத்தான். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

பதிவுக்குப் போன அன்று பஸ் மேல் ஏற்றும்போது ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதாம். வேறு வாங்க வழியில்லாமல் அதிலேயே வாசித்ததில் வந்த கரகரப்புதானாம் அது. அந்த இடத்தைச் சரிசெய்து கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். சரிசெய்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று நான் மன்றாடினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. டேமேஜ் பீஸ ஃபஸ்ட் குவாலிட்டின்னு சொல்லி நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட வெளிய உட்டதில்லீங்க.”

முத்திரை

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான், செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் கட்டிவைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தேன். தையல் பிசகிய பனியன்கள், செகண்ட்ஸ் என்று சீட்டு ஒட்டி, காதர்பேட்டைக்குப் போகக் காத்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன். ஒவ்வொரு உறையிலும் செகண்ட்ஸ் என்று முத்திரை குத்திவிட்டால் சம்மதமா என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்துப் பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஐநூறும் வந்து இறங்கிய நாளில் சித்தப்பாவின் குடோனுக்கே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவரே குத்தினார். கை வலிக்குமே, ஆள் வைக்கட்டுமா என்றேன். “வேண்டாமுங்க. உங்காளு பாவம் பாத்து நாலஞ்சு குத்தாம உட்டுருவாங்க.”

ரிப்பீட்

ஐநூறும் ஜெர்மனியில் தீர்ந்துபோயிற்று. இன்னொரு ஐநூறு வேண்டும், அதே முத்திரையோடு, என்று விநியோகஸ்தர் எழுதியிருந்தார். நான் நல்லூருக்கு ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். நாச்சிமுத்து ஐயா முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, கடிதத்தை அவரே ஒருமுறை படித்தார். “டேமேஜுக்கே ரிப்பீட் குடுக்கறாருன்னா நல்ல பார்ட்டிங்க அம்மிணி. பனியன் ஏதாச்சும் வேணுமான்னு கேளுங்க.”

ஆக, மெர்ச்சண்டைசர் வேலையைத் தலைமுழுகிவிட்டு வந்த நான், இப்போது ஜெர்மனிக்கு நல்லூர்ப் பனியனின் சேம்பிள் அனுப்பிவிட்டு அப்ரூவலுக்குக் காத்திருக்கிறேன்.