சந்தனத் துண்டின் எடை

என் மகன் தாமு இன்றும் அபின் தின்கிறான். அதற்குக் காரணம் நான். இது வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சேர்ந்தேன். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று கேட்டதை நிறுத்துக் கொடுக்கும் வேலை. "ஒரு மொளகு சேத்துப் போட்டா உன் கையி தேஞ்சிடுமா அண்ணே?" என்று வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு கறாரான கை.

தாமு கொத்தனார். மாம்பலத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டான். கூட வேலை செய்தவன் வலிக்கு அபின் கொடுத்தான். வலி போயிற்று, அபின் போகவில்லை. வெள்ளைக்கார சர்க்காரே லைசென்ஸ் கொடுத்த கடையில் விற்கிற சரக்கு, யாரைப் போய்த் தடுப்பேன்? வேலைக்குப் போவதை நிறுத்தினான். சுவரில் சாய்ந்து கண் செருகி உட்கார்ந்திருப்பான். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் அவனே சொன்னான். "நைனா, இத்த வுட்டுடணும். எப்டினா பண்ணு."

எங்கள் கடைக்கு வரும் வைத்தியர் ஒருவர் வழி சொன்னார். தராசின் ஒரு தட்டில் சிறு சந்தனத் துண்டு, மறு தட்டில் அன்றைய அபின். எடை போட்ட பிறகு தாமு அந்தத் துண்டைக் கல்லில் இழைத்து நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும். சந்தனம் தேயத் தேய அபினும் குறையும். "நடுவுல எடைய ஏத்திடாதே. ஏத்துனா அத்தனையும் பாழ்," என்றார்.

தாமுவின் கண்ணெதிரே நிறுப்பேன். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க் கஷாயத்தில் கரைத்துக் கொண்டுவருவேன். அவன் ஒரு சொட்டு விடாமல் குடிப்பான். சந்தனத்தை அவன் இழைத்த பக்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... கோயில் குருக்கள் தோற்றார்.

கொஞ்ச நாளில் கொட்டாவி ஆரம்பித்தது. மூக்கிலும் கண்ணிலும் நீர். வயிற்றுப்போக்கு. "எலும்புக்குள்ள எறும்பு ஊருது நைனா," என்று சுருண்டு கிடந்தான். வைத்தியர் இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தார். பொறுத்துக்கொள்ளும்படியும் சொல்லியிருந்தார். ஆனாலும் எனக்குப் பயம். போய்விடுவானோ? ஒற்றைப் பிள்ளை ஆயிற்றே?

மறுநாள் கஷாயத்தில் ஒரு சிட்டிகை கூடுதலாகக் கரைத்தேன். அவன் சாப்பிட்டான், தூங்கினான். "புள்ள மூஞ்சி தெளிஞ்சி கீது பாரு," என்றாள் என் மனைவி.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சந்தனம் தேய்ந்த அளவுக்கு என் சிட்டிகை வளர்ந்தது. கடையில் ஒரு மிளகு கூட்டிப் போடாத கை!

அவனோ சந்தனத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். "பாத்தியா நைனா, இத்துனூண்டுதான் கீது. இன்னும் கொஞ்ச நாள்ல உன் தராசுக்கே லீவு." அம்மாவிடம், "பொண்ணு கிண்ணு பாக்கறதுன்னா இப்பவே பாத்துக்கோ," என்றான். நானும் சிரித்தேன்.

துண்டு நகத்தளவு ஆனதும், இனி தேவையில்லை என்று அவனே முடிவு கட்டினான். அடையாற்றில் ஒரு பங்களா வேலை. அங்கேயே தங்க வேண்டும். என்னால் தடுக்க முடியவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? கொத்துக் கரணையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அபின் இல்லாமல் கிளம்பினான்.

மூன்றாம் நாள் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே திரும்பி வந்தான். வேட்டியெல்லாம் அசிங்கம். சாரத்தில் நிற்க முடியாததால் மேஸ்திரி இறக்கி அனுப்பிவிட்டாராம். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

"நகத்தளவு கூட இல்லாத அபின வுட முடியல நைனா. என் ஒடம்பு அவ்ளோதான். எனக்கு ரோஷம் இல்ல."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். 'உன் உடம்பில் கோளாறு இல்லையடா, என் கையில்தான்' என்று ஒரு வார்த்தை... நான் போய்க் கஷாயம் வைத்தேன்.

அதற்குப் பின் அவன் விட முயலவில்லை. இப்போது தானே கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறான். யாராவது கேட்டால், "எங்க நைனா எவ்ளோவோ பாத்தாரு, நாந்தான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்," என்கிறான். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இன்று காலை திடீரென்று கேட்டான். "நைனா, அந்தச் சந்தனத் துண்டு கீதா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான். இன்னொரு வாட்டி பாக்கலாமான்னு..."

இன்னொரு தடவை பலித்துவிட்டால், முதல் தடவை ஏன் பலிக்கவில்லை என்று யோசிக்க மாட்டானா?

"அது எப்பவோ தொலைஞ்சி போச்சுப்பா," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அபின் கடைப் பக்கம் நடந்தான். துண்டு என் மடியில்தான் இருக்கிறது.