அப்பா வழி கேட்ட நாள்

இத்தாலியில், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே வழி கேட்பது எளிதல்ல. வந்த புதிதில் தெருவில் போன முதியவர் ஒருவரிடம் முகவரிச் சீட்டை நீட்டினேன். "நோ, கிராட்சியே", வேண்டாம் நன்றி, என்று கையை அசைத்துவிட்டு நடந்தார். எதையோ விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். அதன்பிறகு செல்போன் சொல்லும் வழியில்தான் நடக்கிறேன். ஏழு வருடமாகிறது, ஒரு தெருவும் மனதில் நிற்கவில்லை. நிற்கவைக்கத் தெம்பும் இல்லை.

ஆம்பூரில் இருக்கும் அப்பாவும் போன வருடம் இந்தப் பழக்கத்துக்கு வந்தார். முப்பது வருடம் தோல் லாரி ஓட்டியவர். ராணிப்பேட்டை, சென்னை, கான்பூர் என்று எந்தப் பலகையையும் பார்க்காமல் போய்வந்தவர். எழுபத்திரண்டு வயதில் ஸ்கூட்டரில் செல்போனை மாட்டி, அதற்கு விபூதி பூசி, மேப் போட்டுத்தான் கிளம்புகிறார் என்று அம்மா சொன்னபோது சிரித்தேன். "முருகன் தொணைக்கு வர்றாரு, அந்தப் பொண்ணு வழி சொல்றா. எனக்கு இன்னா கவலை?" என்பார். மேப்பில் பேசும் அவள் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் "சரிம்மா" என்று பதிலும் சொல்வாராம்.

போன மாதம் ஒடுகத்தூரில் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். எங்கே போனாலும் இருக்குமிடத்தை எனக்குப் பகிரச் சொல்லியிருந்தேன். வேலைக்குப் புறப்படும்போது பார்த்தேன், மாதனூரைத் தாண்டி அந்தப் புள்ளி நின்றிருந்தது. நான் பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகும் அது நகரவில்லை. விழுந்துகிழுந்து விட்டார்களோ என்று சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன்.

"நெட்டு தீந்துபோச்சுப்பா, வழியிலேயே நிக்கறோம்" என்றார் அப்பா. "உங்கம்மா காலையிலேயே கோயில் அபிஷேகத்த லைவா பாத்து காலி பண்ணிட்டா."

"அதுக்கு ஏன் நிக்கறீங்க? நீங்க ஓட்டாத ரோடா?"

அம்மா போனை வாங்கிக்கொண்டு தள்ளி வந்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்திருந்தது. "ரோடு ரெண்டா பிரியுது. எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரியலடா. ஒரு வருஷமா இப்டித்தான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் இந்த மேப்பு."

நானே வழி சொல்லப் பார்த்தேன். "முனையில ஒரு புளியமரம் இருக்குமேம்மா, அத ஒட்டித் திரும்புங்க."

"மரத்தையெல்லாம் வெட்டி ரோட்ட அகலமாக்கிட்டாங்கப்பா."

எனக்குத் தெரிந்த வழியும் அங்கே இல்லை. "யாரையாவது கேளுங்கம்மா" என்றேன்.

"கேக்க விடமாட்டேன்றாரு. லாரி ஓட்டினவன் வழி கேட்டா சிரிப்பாங்களாம்."

போனில் ஆட்டு மணிச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு அப்பா பேசினார். அவரிடம் நான் கேட்டறியாத மெல்லிய குரல். "ஏம்மா, ஒடுகத்தூருக்கு எப்டி போறது?"

"எடது கைப் பக்கமா போங்க பெரியவரே" என்றாள் ஒரு பெண். "வெயில்ல ஏன் நிக்கறீங்க? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கூட்டர் கிளம்பியது. அழைப்பைத் துண்டிக்காமலே அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலும். காற்றும் லாரி ஹாரனும் அவருடைய இருமலும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. என் பேருந்து வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வரவில்லை என்று தலையசைத்தேன். அத்தை வீட்டு மேளச் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.